சொருகும் பூட்டும் காட்டும் பூட்டும்

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகும் சாலையில் எங்களுக்கு ஒரு விடுதி இருக்கிறது. கீழே ஒரு வரிசை அறைகள், மாடியில் ஒரு வரிசை. கீழே இருப்பவை சொருகும் பூட்டுகள். மாடியில் இருப்பவை காட்டும் பூட்டுகள். இந்தப் பெயர்களை வைத்தது நான்தான். பூட்டு விற்க வந்தவர்கள் ஆளுக்கொரு ஆங்கிலப் பெயரும் அதற்குப் பின்னால் ஒரு எண்ணும் சொன்னார்கள். அது என் நாக்கில் நிற்கவில்லை. கீழ்ப் பூட்டுக்கு ஒரு வாய் உண்டு. கார்டை அதில் சொருகினால் திறக்கும். மாடிப் பூட்டுக்கு வாயே கிடையாது. முகத்துக்கு நேரே கார்டைக் காட்டினால் போதும், பச்சை விளக்கு எரிந்து திறந்துகொள்ளும். இப்போது என் மகனே அந்தப் பெயரில்தான் பேசுகிறான். போனில் யாராவது அறை கேட்டால், "மாடில காட்டு எல்லாம் நெறஞ்சிட்டு சார், கீழ ஒரு சொருவு இருக்கு, வேணுமா?" என்பான். எதிர்முனையில் இருப்பவருக்கு என்ன புரியுமோ, எனக்குத் தெரியாது.

அதற்கு முன்னால் எல்லாம் இரும்புப் பூட்டுதான். சாவிக்கொத்து என் இடுப்பில் தொங்கும். நான் வருவதற்கு முன்னால் என் சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டே துடைப்பம் வேகமாக அசைய ஆரம்பிக்கும். ஆனால் தங்க வருகிறவர்கள் சாவியை அருவியில் விட்டுவிடுவார்கள். தலையில் தண்ணீர் விழும்போது யாருக்கு மடியில் உள்ள சாவி நினைவிருக்கும்? "ஆச்சி, சாவியத் தண்ணி கொண்டு போயிட்டு" என்று எண்ணெயும் தண்ணீரும் சொட்டச் சொட்ட வந்து நிற்பார்கள். ஒவ்வொரு சாரல் சீசனுக்கும் பூட்டு மாற்றி அலுத்துப்போய்த்தான் மகன் கார்டுக்குப் போனான்.

முதலில் கீழ்த்தளத்துக்குப் பூட்டு போட்டவர் திருநெல்வேலிப் பக்கத்தில் சின்னதாகக் கடை வைத்திருந்தார். பிறகு கடையைக் கட்டிவிட்டுப் போய்விட்டார். எங்கே போனார் என்று இன்றுவரை தெரியாது. மாடி கட்டி முடித்தபோது அந்தப் பூட்டு வருவதும் நின்றுபோயிருந்தது. செங்கோட்டைக்கு அந்தப் பக்கம், புனலூரிலிருந்து ஒருவர் வந்து வேறு பூட்டு போட்டுக் கொடுத்தார். நல்ல மனிதர், சிரித்த முகம். அவர் வேலையை முடித்துக் கருவிகளைப் பைக்குள் வைக்கும்போது, இரண்டு தளத்துக் கார்டையும் அவர் முன்னால் வைத்தேன்.

"ஏய்யா, ரெண்டும் ஒரே நீளம், ஒரே கனம். ரெட்டப் பிள்ளைய மாதிரி இருக்கு. அங்கன உள்ளது இங்கன ஏன் தொறக்க மாட்டேங்கு? எனக்கு ஒத்தக் கார்டு போதும். கீழயும் மேலயும் அதுலயே தொறக்கணும்."

"அம்மச்சி, அளவு உலகம் பூரா ஒண்ணுதான். எல்லாரும் கூடியிருந்து பேசி வச்ச அளவு அது. ஆனா உள்ள பேசுற பாஷை வேற. இப்ப நான் மலையாளத்துல பேசினா உங்க மருமகளுக்கு மனசிலாகுமோ?"

"அவளுக்கு நான் தமிழ்ல பேசினாலே மனசிலாகாது."

"கேக்கு அத்த, இங்க அடுப்படி வரைக்கும் கேக்கு" என்று உள்ளேயிருந்து மருமகளின் குரல் வந்தது.

நான் விடவில்லை. "பேங்க் கார்டு மட்டும் எப்பிடி? என் கார்டு ஒரு பேங்க், பஸ் ஸ்டாண்டுல உள்ள மிஷின் வேற பேங்க். வாயப் பொளந்து வாங்கிக்கிட்டு ரூவாயத் தருதே?"

"அவங்க எல்லாம் ஒண்ணா இருந்து பாஷையையும் பேசி வச்சாங்க அம்மச்சி. ஒருத்தர் மிஷின்ல இன்னொருத்தர் ஆளு வந்தா ரெண்டு பேருக்கும் நல்லது. பூட்டுக் கம்பெனிக்கு அப்படியில்ல. அவங்ககிட்ட வாங்கின ஆளு அடுத்த கம்பெனிக்குப் போகாம இருக்கணும்."

"அப்ப என் கதவப் பூட்டுததுக்கு இல்ல, என்னையப் பூட்டுததுக்குத்தான் பூட்டு செஞ்சிருக்கான்."

அவர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "இத நான் எங்க முதலாளிகிட்ட சொல்றேன்" என்றார். சொன்னாரோ என்னவோ.

ஒத்தக் கார்டு கிடைக்காததால் எனக்கு இரண்டு பொதுக் கார்டுகள் வந்தன. கீழ்த்தளம் முழுவதற்கும் ஒன்று, மாடி முழுவதற்கும் ஒன்று. இடுப்பில் தொங்கவிடாமல் எனக்குக் கை கால் ஓடாது. இரண்டுக்கும் மூலையில் துளை போட்டு வளையத்தில் மாட்டிவிட்டேன். சொருகுவது ஒன்றும் ஆகாமல் வேலை செய்தது. காட்டுவது செத்துப்போயிற்று. அதன் ஓரத்தைச் சுற்றி உள்ளுக்குள் தலைமுடி போல ஒரு கம்பி ஓடுகிறதாம். என் துளை அதை அறுத்துவிட்டது. புனலூர்க்காரர் வேறு கார்டு கொடுத்து, கழுத்தில் மாட்ட ஒரு உறையும் கொடுத்தார். கழுத்தில் தொங்கவிட நான் என்ன ஆபீசுக்கா போகிறேன்? உறையோடு இடுப்பில் செருகிக்கொண்டேன். சத்தம்தான் இல்லாமல் போய்விட்டது. இப்போது நான் வருவது யாருக்கும் தெரிவதில்லை. அதிலும் ஒரு லாபம் இருக்கிறது.

கீழ்ப் பூட்டுக்கு எண்ணெய் ஆகாது. கார்டில் பொன் நிறத்தில் நகம் அளவு ஒரு தகடு இருக்கிறது. அது பூட்டின் வாய்க்குள் போய்த் தொட வேண்டும். குற்றாலத்துக்கு வருகிறவர்களோ எண்ணெய் தேய்த்துக்கொள்ளவே வருகிறவர்கள். எண்ணெய்க் கையோடு தொட்டால் பூட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எங்கள் விடுதியில் துப்புரவு பார்க்கும் பெண், பித்தளை என்று நினைத்து அந்தத் தகட்டைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டாள். விளக்கு மாதிரி பளபளவென்று இருந்தது. கதவுதான் திறக்கவில்லை.

அறைக்குள்ளே விளக்குக்காக ஒரு சின்னப் பெட்டி சுவரில் உண்டு. கார்டை அதில் வைத்தால்தான் விளக்கும் ஏசியும் ஓடும். வெளியே போகும்போது எடுத்துக்கொண்டு போனால் எல்லாம் அணைந்துவிடும். மகன் கரண்டு மிச்சம் பிடிக்கச் செய்த வேலை. அந்தப் பெட்டி மட்டும் எதையும் கேட்பதில்லை. சொருகும் கார்டு, காட்டும் கார்டு, ஜவுளிக் கடைக்காரர் கொடுத்த விசிட்டிங் கார்டு, எதுவானாலும் கனமாக இருந்தால் போதும். வருகிறவர்கள் இதைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டார்கள். ரேசன் கார்டை அதில் செருகிவிட்டு, ஏசி ஓட ஓட அருவிக்குப் போகிறார்கள். ஊருக்குப் போகும்போது அதை மறந்தும் போகிறார்கள். பிறகு, "ஆச்சி, அரிசி வாங்கப் போனேன், கார்டக் காணும்" என்று போன் வரும். மேசை இழுப்பறையில் எடுத்து வைத்துத் தபாலில் அனுப்புவது என் மருமகளுக்கு ஒரு தனி வேலை.

இப்படித்தான் சிரிப்பும் சிணுங்கலுமாகப் போய்க்கொண்டிருந்தது. ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் ஒரு கல்யாணக் கூட்டம் வந்தது.

மாப்பிள்ளை வீட்டார் ராயகிரிக்காரர்கள், விவசாயக் குடும்பம். பெண் வீடு தென்காசியில், கோயிலை ஒட்டிய தெரு. கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் காலையில் முகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டார் முந்தின நாள் மாலையே வந்து எங்கள் விடுதியில் இறங்கினார்கள். அருவியில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு மணமேடைக்குப் போகலாம் என்பது அவர்கள் கணக்கு. கூட்டம் முழுவதையும் மேய்த்தவள் மாப்பிள்ளையின் அக்கா. போலீசில் வேலை பார்க்கிறாள். நல்ல உயரம், குரலும் உயரம். தாலி அவள் பொறுப்பு. "தாலிக்கு மட்டும் தனி ரூம் வேணும் ஆச்சி. யாரும் உள்ள படுக்கக் கூடாது" என்றாள். கீழ்த்தளத்தில் மூலை அறையைக் கொடுத்தேன். தாலித் தட்டை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தி, கார்டை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இந்தத் தாலிக்காக எவ்வளவு பாடு தெரியுமா ஆச்சி? எங்க வீட்டு அச்சு வேற, அவிய வீட்டு அச்சு வேற. எங்க தாலிதான்னு எங்கம்மா, எங்க தாலிதான்னு பொண்ணோட அம்மா. நிச்சயதார்த்தமே நின்னுரும் போல ஆயிட்டு. கடசில எங்க அச்சுதான்னு முடிவாச்சு. அந்தம்மா இன்னும் எங்கம்மாட்ட முகங்குடுத்துப் பேசல. தாலி பத்திரமாப் போயிச் சேர்ந்தாத்தான் எனக்கு மூச்சு வரும். ஒரு சின்னக் கொற வந்தாலும் ரெண்டு வீடும் அத வச்சே பிரிஞ்சிரும்."

"என் கதவத் தாண்டி ஒரு எறும்பு போகாது, போயிச் சாப்புடுட்டி" என்றேன். அது உண்மைதான். எறும்பு போகவில்லை.

விடியலில் எல்லாரும் அருவிக்குப் போய் நடுங்கிக்கொண்டே திரும்பி வந்தார்கள். அக்காக்காரி ஈரத் தலையோடு மூலை அறைக்குப் போய்க் கார்டைச் சொருகினாள். சிவப்பு விளக்கு. துடைத்துச் சொருகினாள். சிவப்பு. என்னைக் கூப்பிட்டாள். நான் இடுப்பிலிருந்து என் பொதுக் கார்டை எடுத்துப் பெரிய மனுசித் தோரணையில் சொருகினேன். பாதிக்கு மேல் உள்ளே போகவே இல்லை. குனிந்து பார்த்தேன். பூட்டின் வாய் முழுவதும் சந்தனம். ராத்திரியெல்லாம் காய்ந்து சுண்ணாம்புக் காரை மாதிரி இறுகிப்போயிருந்தது. மேலே அழகாக ஒரு குங்குமப் பொட்டு வேறு.

"யாரு வச்சது இத?"

மாப்பிள்ளையின் அத்தை பின்னாலிருந்து மெல்ல வந்தார். "நாந்தான் மதினி. தாலி இருக்க ரூம்லா? நெலையில வச்சேன், கதவுல வச்சேன், பூட்டுக்கும் ஒரு பொட்டு வச்சேன். சந்தனம் வைக்கது தப்பா?"

"நெத்தியில வைக்கலாம், வாயிலயா அத்த வைப்பிய?" என்றாள் அக்காக்காரி.

"அது வாயின்னு எனக்கு என்னட்டி தெரியும்? மாடிப் பூட்டுக்கு வாயே இல்லியே!"

ஒரே கட்டடத்தில் வாயுள்ள பூட்டும் வாயில்லாத பூட்டும் இருந்தால் வந்தவர் என்ன செய்வார்?

மகன் புனலூர்க்காரருக்குப் போன் போட்டான். உடனே கிளம்பி வருவதாகவும், அதுவரை சந்தனத்தை யாரும் குத்திக் கிளற வேண்டாம், உள்ளே உள்ள கம்பி ஒடிந்துவிடும் என்றும் சொன்னார். ஆனால் அவரிடம் இருக்கும் திறக்கும் கருவி மாடிப் பூட்டுக்குத்தான் பொருந்துமாம். கீழ்ப் பூட்டில் அதன் முனை நுழையவே நுழையாதாம். புது மாடல்களில் ஆபத்துக்கு ஒரு சாவித் துவாரம் ஒளித்து வைத்திருப்பார்களாம், எங்கள் பழசில் அதுவும் கிடையாதாம். "பூட்டு போட்டவங்களக் கூப்பிட்டுப் பாருங்க" என்றார். பழைய திருநெல்வேலிக் கடைக்காரர் எண்ணைக் கூப்பிட்டால், அப்படி ஒரு எண்ணே இல்லை என்று ஒரு பெண்குரல் இரண்டு மொழியில் சொன்னது.

"கதவ ஒடச்சிருவோம்" என்றேன். என் தேக்குக் கதவு. ஆனாலும் மனதாரத்தான் சொன்னேன்.

மாப்பிள்ளையின் அம்மா இரண்டு கையாலும் கதவை மறைத்துக்கொண்டு நின்றுவிட்டார். "முகூர்த்தத்தன்னைக்குக் கதவ ஒடச்சித் தாலி எடுக்கதா? எங்க வம்சத்துல நடக்காது. அதுக்குக் கல்யாணத்த நிப்பாட்டிருங்க."

"நிப்பாட்டுங்கன்னு வாயில சொல்லாதம்மா!" என்று அக்காக்காரி கத்தினாள். கத்தியவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவு பெரிய போலீஸ்காரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "அந்தம்மா இதத்தான் எதிர்பாத்துட்டு இருக்கு. ஒங்க தாலிதான வேணும்னிய, அது எங்கன்னு கேக்கும். நான் என்ன பதில் சொல்லுவேன்?"

மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றான். அவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

நேரம் ஓடிக்கொண்டிருந்தது. மண்டபத்துக்குச் சொல்லியாக வேண்டும். அக்காக்காரிதான் கூப்பிட்டாள். பெண்ணுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார்களாம். பெண்ணே போனை எடுத்தாள். எல்லாருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைத்தாள் அக்கா.

"மதினி, ஏன் அழுதிய?"

"தாலி உள்ள மாட்டிக்கிட்டும்மா. கதவு தொறக்க மாட்டேங்கு."

"உங்க தம்பி உள்ளயா, வெளியவா?"

"அவன் வெளியத்தான் நிக்கான்."

"பெறகென்ன? அவியளக் கூட்டிட்டு வாங்க. மஞ்சக் கிழங்கு இங்க கோயில் வாசல்லயே கெடைக்கும்லா? கயித்துல கோத்துக் கெட்டச் சொல்லுங்க."

மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் வாய் திறந்தார். "பவுன் இல்லாமக் கெட்டினா ஊர்ல என்ன சொல்லுவாவ?"

போனில் வேறு குரல் வந்தது. பெண்ணின் அம்மா. அக்காக்காரி முகம் வெளிறிவிட்டது.

"மதினி," என்றது அந்தக் குரல், "மஞ்சளுக்கு உங்க அச்சு, எங்க அச்சுன்னு கெடையாது. எனக்குச் சம்மதம். சட்டுன்னு கெளம்பி வாங்க. இட்லி ஆறிப்போகுது."

நிச்சயத்திலிருந்து அன்றுவரை அந்த அம்மா இந்த அம்மாவோடு பேசிய முதல் பேச்சு அது என்று பிறகு சொன்னார்கள். மாப்பிள்ளையின் அம்மா கதவிலிருந்து கையை எடுத்தார். "அவியளே சொன்ன பெறகு நமக்கென்ன" என்றார். சொல்லிவிட்டுத் தலையில் பூ இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டார்.

என் மகன் என் காதருகில் வந்து, "எம்மா, நீ கேட்ட ஒத்தக் கார்டு இதுதான். எல்லா வீட்டுக்கும் ஆகும்" என்றான்.

"வாய மூடுல, வேன எடு" என்றேன். ஆனால் அவன் சொன்னது சரிதான். தாலியில் எத்தனை அச்சு உண்டோ, எனக்குத் தெரியாது. ஒரு தெருவுக்குள்ளேயே நாலு விதம் பார்த்திருக்கிறேன். ஒருவர் தாலி இன்னொருவர் கழுத்துக்கு ஆகாது. மஞ்சள் கிழங்கை மட்டும் ஆகாது என்று சொன்ன வீட்டை நான் கண்டதில்லை.

வேனில் ஏறப் போன அக்காக்காரி திரும்பி வந்து என் கையைப் பிடித்தாள். "நீங்களும் வரணும் ஆச்சி. மண்டபத்துல ஆளாளுக்குக் கேப்பாவ. உங்க பூட்டுக் கதைய நீங்களே வந்து சொல்லுங்க. நான் சொன்னா அழுதுருவேன்."

மூலை அறையைப் புனலூர்க்காரரிடம் விட்டுவைக்கும்படி மருமகளிடம் சொல்லிவிட்டு, பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். தென்காசி போய்ச் சேரும்வரை அத்தைக்காரர் என் பக்கத்தில் உட்கார்ந்து, சேலை நுனியைச் சுருட்டிக்கொண்டும் பிரித்துக்கொண்டும் வந்தார். "மதினி, சந்தனம்னு சொல்லாதிய" என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

மண்டபத்தில் கேட்காத ஆள் இல்லை. எனக்கு என் விடுதியைப் பற்றி யாரும் ஒரு சொல் குறைவாகச் சொல்லிவிட்டால் பொறுக்காது. அப்படிப்பட்ட நான் அன்று வாசலிலிருந்து மேடைவரை ஒரே பதிலைத்தான் சொன்னேன். "என் பூட்டு பழைய மாடல். செஞ்சவன் கடையக் கெட்டிட்டுப் போயிட்டான். புது ஆளோட மிஷின் அதுல நொழையாது." அதில் பொய் ஒன்றும் இல்லையே. சந்தனத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கூட்டத்தில் ஒருவர் மட்டும், "கார்டுல்லாம் உங்களுக்கு எதுக்கு ஆச்சி, ஒரு திண்டுக்கல் பூட்டப் போடப்படாதா?" என்றார். அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு அறை கேட்டு வரட்டும், அப்போது பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

கோயில் வாசல் கடையில் வாங்கிய விரலி மஞ்சளைப் பெண்ணின் அம்மாவும் மாப்பிள்ளையின் அம்மாவும் சேர்ந்தே பொறுக்கினார்கள். ஒருவர் எடுத்ததை மற்றவர் வேண்டாம் என்றார். கோணல் இல்லாமல், நுனி முறியாமல், இரண்டு பேருக்கும் பிடித்த ஒன்று கிடைப்பதற்குள் ஐயர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். புதுக் கயிற்றில் கோத்து, தட்டில் வைத்து, எல்லாரிடமும் ஆசிக்குக் கொண்டுவந்தார்கள். நானும் தொட்டுக் கும்பிட்டேன். கெட்டிமேளம் முழங்கியது. முதல் முடிச்சை மாப்பிள்ளை போட்டான். அடுத்த முடிச்சுகளை அக்காக்காரி போட்டாள். பெண் லேசாகத் தலையைத் திருப்பி, "இறுக்கிப் போடுங்க மதினி" என்றாள்.

பந்தியில் என்னைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்தாள் அக்காக்காரி. இலை போட்டுத் தண்ணீர் தெளிக்கும்போது, எங்களை இறக்கிவிட்டு விடுதிக்குத் திரும்பியிருந்த மகனின் போன் வந்தது. புனலூர்க்காரர் ஈரத்துணியை வைத்துச் சந்தனத்தை ஊறவிட்டு, ஈர்க்குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாக வழித்து எடுத்து, இப்போதுதான் கதவைத் திறந்தாராம். தட்டு வைத்தபடி அப்படியே இருக்கிறதாம். தாலியை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கு வரட்டுமா என்று மருமகள் கேட்கிறாளாம்.

நான் அதை அப்படியே அக்காக்காரியிடம் சொன்னேன். விடியலிலிருந்து அவள் வாயில் ஒரு பருக்கை போகவில்லை. கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டாள். எதிர்ப் பந்தியில் இரண்டு அம்மாக்களும் அருகருகே உட்கார்ந்து, தாலி பிரித்துக் கோர்க்கிற நாளன்று இரண்டு அச்சையும் ஒரே கயிற்றில் கோத்துவிடலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு வலுத்துக்கொண்டும் இருந்தது. எது வலப்பக்கம் வர வேண்டும் என்பதில் தகராறு.

"தாலி அங்கனயே இருக்கட்டும் ஆச்சி. சாயங்காலம் நானே வந்து எடுத்துக்கிடுதேன்" என்றாள். பிறகு இலையில் விழுந்த பாயசத்தை விரலால் வளைத்துக்கொண்டே, "கதவ மட்டும் மறுபடி சாத்திராதியன்னு சொல்லுங்க" என்றாள். பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு இன்னொரு கரண்டி பாயசம் கேட்டாள்.